பத்து ரூபாயும் இரண்டு பகடைகளும்

ஜாவாஸ்கிரிப்ட் படிக்கத் தொடங்கியவர்களுக்குத் தரப்படும் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னப் பந்தய விளையாட்டு. பிரவுசரில் ஒரு பெட்டி, ஒரு பொத்தான். பெட்டியில் கையிருப்பை எழுத வேண்டும். 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தினால் இரண்டு பகடைகள் உருளும். கூட்டுத்தொகை 7 என்றால் 4 ரூபாய் வரவு. வேறு எது விழுந்தாலும் 1 ரூபாய் போய்விடும். கை காலியாகும் வரை நிரல் தானே உருட்டிக்கொண்டே இருந்து, மொத்தம் எத்தனை வீச்சு என்று கடைசியில் சொல்லும்.

ஜாவாஸ்கிரிப்டிடம் பகடை கிடையாது. மேத்.ராண்டம் என்று கேட்டால் 0 முதல் 1க்குச் சற்றுக் கீழே வரை ஏதோ ஒரு தசம எண் கிடைக்கும். (அதுவும் ஒரு சூத்திரத்தில் பிறப்பதுதான். குரோம் பிரவுசரில் இருந்த சூத்திரத்தின் தரம் போதவில்லை என்று 2015இல் அதையே மாற்றினார்கள்.) அந்த எண்ணை 6ஆல் பெருக்கி, மேத்.ஃப்ளோர் கொண்டு தசமத்தை வெட்டி, 1 கூட்டினால் ஒரு பகடை முகம். இப்படி இரண்டு முறை. மொத்தமுள்ள 36 ஜோடிகளில் 6 ஜோடிகள் 7 தரும். ஆகவே சராசரியாக ஆறு வீச்சுக்கு ஒரு வெற்றி: 4 வரவு, 5 செலவு. ஆறு வீச்சுக்கு ஒரு ரூபாய் கரைகிறது. 10 ரூபாய் சராசரியாக 60 வீச்சு தாங்கும்.

சிலர் குறுக்குவழியாக 2 முதல் 12 வரை ஒரே எண்ணை எடுத்துவிடுவார்கள். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையும் அதற்குள்தானே வரும்! ஆனால் இப்போது 7க்கும் 12க்கும் ஒரே வாய்ப்பு, பதினொன்றில் ஒன்று. சராசரி 18 வீச்சில் கை காலி.

இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது. 5ஆல் பெருக்கி, வெட்டுவதற்குப் பதிலாக மேத்.ரவுண்டால் அருகிலுள்ள முழு எண்ணாக்கி, 1 கூட்டுவது. திரையில் ஆறு முகங்களும் ஒழுங்காக வந்து போகும். ஆனால் 0 ஆக மாறுவது 0 முதல் 0.5 வரையிலான அரைத் துண்டு மட்டுமே. 1 ஆக மாறுவதோ 0.5 முதல் 1.5 வரையிலான முழுத் துண்டு. ஓரத்து முகங்களான 1, 6 இரண்டுக்கும் பாதிப் பங்குதான் கிடைக்கிறது. நடு முகங்கள் கனக்கின்றன. 2ம் 5ம், 3ம் 4ம் அடிக்கடி சேர்கின்றன. 7 விழும் வாய்ப்பு நூற்றுக்கு 18 ஆகிறது. நேர்மையான பகடையில் அது 17கூட இல்லை. கணக்கைப் பாருங்கள்: நூறு வீச்சில் 72 வரவு, 82 செலவு. அதே 10 ரூபாய் சராசரியாக 100 வீச்சு ஓடுகிறது! ஓர் ஆட்டத்தைப் பார்த்து இதைப் பிடிக்கவே முடியாது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஓடவிட்டுச் சராசரி எடுத்தால்தான் 60 இருக்க வேண்டிய இடத்தில் 100 நிற்பது தெரியும்.

சரி, நேர்மையான பகடைகளோடு பரிசை 5 ரூபாயாக்கினால்? வரவும் செலவும் சமம், ஆட்டம் நியாயமானது. சூதாடியின் கை காலியாகும் வாய்ப்பு எவ்வளவு என்பது பழைய கேள்வி. டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1657இலேயே அச்சில் எழுப்பியது. எதிராளியின் பணத்துக்கு எல்லை இல்லை என்றால், இந்த நியாயமான ஆட்டத்திலும் கை காலியாவது உறுதி. ஆனால் அதற்கு ஆகும் வீச்சுகளின் சராசரிக்கு எல்லையே கிடையாது. பல ஆட்டங்கள் சில பத்து வீச்சுகளில் முடிந்துவிடும். நூற்றில் ஏறத்தாழ ஒன்று மட்டும் 1 லட்சம் வீச்சையும் தாண்டிப் போகும். அந்த லட்சத்தையும் பிரவுசர் நாம் கண் இமைப்பதற்குள் உருட்டி முடித்திருக்கும்.