வானும் கடலும் இணைத்தல்

கடற்கரையில் நிழற்படம் பிடிப்போர்க்கு ஓர் இடருண்டு. கடலுக்கேற்ற ஒளியளவைக் கொண்டால் வானம் வெளிறும். வானுக்கேற்றதைக் கொண்டால் கடல் இருளும். 19-ஆம் நூற்றாண்டின் கொலோடியன் தகடு நீல ஒளிக்கே மிகவும் இணங்கியதாகலின், அந்நாளில் இவ்விடர் பெரிதாயிற்று. பிரான்சு நாட்டினரான குஸ்தாவ் லெ கிரே என்பார், 1857-இல் செத் நகர்க் கடலலையைப் படமாக்கியபொழுது, வானுக்கொன்றும் கடலுக்கொன்றுமாக இரு நெகட்டிவ் தகடுகளைக் கொண்டு, அடிவானக் கோட்டில் இணைத்து ஒரே தாளிற் பதித்தார். ஒரே முகிற்கூட்டத்தை வேறு வேறு கடல்களின் மேலும் அவர் அமைத்ததுண்டு! கலைப்படத்தில் இது தகும். செய்திப்படத்தில் ஒருகாலும் தகாது என்பது என் துணிபு.

இந்நாளில் இருட்டறை வேண்டுவதில்லை. காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஒளியளவை மாற்றி இரு படங்கள் எடுமின். கணினியில் வானப்படத்தை மேலடுக்காக வைத்து, அதன் கடற்பகுதியை மறைத்திடுக. மறைப்பின் விளிம்பு மெல்லத் தேய்தல் வேண்டும். கூரிய விளிம்பு ஒட்டினைக் காட்டிக்கொடுக்கும். பாறையோ பாய்மரமோ அடிவானத்தைக் கடந்து நிற்குமாயின், அதன் வடிவைச் சிறு தூரிகையாற் பொறுமையுடன் தொடர்தலே வழி; வேலையிற் பெரும்பொழுது இங்கேதான் செல்லும்.

பிறநாள் வானத்தை ஒட்டுவோர் கதிரவன் நின்ற திசையை நோக்குக. முகிலில் ஒளி இடப்புறமும் பாறையில் வலப்புறமும் விழுமாயின் கண் உடனே ஐயுறும். செவ்வானத்தின் கீழ் நீலநீர் கிடத்தலும் அத்தகையதே. நீருக்கும் சிறிது செம்மை ஊட்டுக.