செல்போன் வந்தது, மத்தி விலை மாறியது: லாபம் யாருக்கு?

1997 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி ஆகப்போகிறது. வட கேரளத்தின் வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் மத்தி மீனோடு நிற்கிறார்கள். வாங்க ஆளில்லை. அன்று அந்தக் கரையில் மீன்பாடு அளவுக்கு மிஞ்சிவிட்டது; விலை பூஜ்யம். கொண்டுவந்ததைக் கொட்டிவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

அதே நேரத்தில், அங்கிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் சோம்பால, கொயிலாண்டி கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அங்கே மத்தி கிலோ ஏறக்குறைய 10 ரூபாய்க்குப் போனது. வடகரையில் மீன் இருப்பது இவர்களுக்குத் தெரியாது. இந்தக் கரைகளில் ஆள் காத்திருப்பது வடகரை மீனவர்களுக்குத் தெரியாது.

இந்தக் காலைப்பொழுதைப் பதிவுசெய்தவர் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர். கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு பகுதிகளில் 15 மீன்சந்தைக் கரைகளை 1996 முதல் 2001 வரை வாரந்தோறும் கணக்கெடுத்த ஆய்வு அவருடையது. 2007இல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் அது வெளியானபோது உலகம் முழுவதும் பேசப்பட்டது. 'செல்போன் ஏழைகளின் வருமானத்தை உயர்த்தும்' என்று சொல்ல வந்தவர்களெல்லாம் கேரள மீனவர்களைத்தான் உதாரணம் காட்டினார்கள்.

ஆனால் அதே கேரளக் கரைகளிலும் மகாராஷ்டிர வயல்களிலும் ஆப்பிரிக்கச் சந்தைகளிலும் பின்னால் நடந்த ஆய்வுகள் கதையைக் கொஞ்சம் திருத்தியிருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: விலை தெரிவதால் மட்டும் யாருக்கும் நல்ல விலை கிடைத்துவிடாது. 'உனக்கு விற்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போகும் சுதந்திரம் இருப்பவருக்குத்தான் தகவல் காசாகிறது.

பக்கத்துக் கரைக்குப் போக என்ன தடை?

மத்தி, நம் கன்னியாகுமரிக் கரையில் சாளை, கூட்டமாகத் திரியும் மீன். ஒரு பகுதியில் கொட்டோ கொட்டென்று கிடைக்கும் நாளில், இருபது கிலோமீட்டர் தள்ளி வலை வெறுமையாக வரும். எந்த நாளில் எந்தக் கரைக்கு யோகம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கரையோரச் சந்தை விடியற்காலையில் தொடங்கி எட்டு மணிக்குள் முடிந்துவிடும். மத்தி சீக்கிரம் கெட்டுப்போகும் மீன். இருப்பு வைத்து நாளைக்கு விற்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த கரைக்குப் படகை விட்டால் எரிபொருள் செலவு. போய்ச் சேர்வதற்குள் அந்தச் சந்தையும் கலைந்துபோகலாம். அல்லது அங்கேயும் மீன் குவிந்து கிடக்கலாம். எனவே அநேகமாக எல்லோரும் சொந்தக் கரையிலேயே விற்றார்கள். கிடைத்த விலைக்குக் கொடுத்தார்கள். கிடைக்காத நாளில் கொட்டினார்கள். அன்றாட மீன்பாட்டில் சராசரியாக 5 முதல் 8 சதவீதம் வீணானது என்கிறது ஜென்சனின் கணக்கு.

ஒரே பொருள், ஒரே நாள், அருகருகே உள்ள சந்தைகள் என்றால், போக்குவரத்துச் செலவைக் கழித்துவிட்டுப் பார்க்கையில், விலை ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இது பொருளாதாரத்தின் பழைய விதி. தகவல் பரவாத இடத்தில் அந்த விதி வேலை செய்யாது என்பதற்கு வட கேரளக் கரைகள் கண்கூடான சாட்சி.

மூன்று பகுதிகள், மூன்று தேதிகள்

செல்போன் வைத்திருப்பவர் அதிகம் சம்பாதிக்கிறார் என்று ஒருவர் காட்டினால், உடனே ஒரு கேள்வி எழும். போன் வந்ததால் வருமானம் கூடியதா, வருமானம் உள்ளவர் போன் வாங்கினாரா? சமூக அறிவியல் ஆய்வுகள் பெரும்பாலும் இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

ஜென்சனுக்குக் கைகொடுத்தது செல்போன் நிறுவனங்களின் கால அட்டவணை. சேவை கோழிக்கோட்டுக்கு 1997 ஜனவரி கடைசியிலும், கண்ணூருக்கு 1998 ஜூலையிலும், காசர்கோட்டுக்கு 2000 மே மாதத்திலும் வந்தது. நகரங்கள் கரையோரம் இருந்ததால் கோபுரங்களும் அங்கேயே நின்றன. கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை சிக்னல் எட்டியது. ஆக, கோழிக்கோட்டில் விலை மாறி, அதே மாதங்களில் காசர்கோட்டில் மாறாமல் இருந்தால், அதற்குப் பருவமழையையோ நாட்டின் பொருளாதார நிலையையோ காரணம் காட்ட முடியாது. அடுத்து கண்ணூருக்குச் சேவை வந்ததும் அங்கேயும் அதே மாற்றம்; பிறகு காசர்கோட்டிலும் அதே. மூன்று முறை ஒரே விளைவு வந்தால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

சராசரியிலிருந்து கரைக்குக் கரை விலை விலகும் அளவு, முன்பு 60, 70 சதவீதமாக இருந்தது. பின்னர் 15 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ ஆனது. மீன் கொட்டுவது அநேகமாக நின்றே போனது. சொந்தக் கரையைத் தாண்டாதவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வேறு கரைகளில் விற்கத் தொடங்கினார்கள். மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குபவர் கொடுத்த விலையோ 4 சதவீதம் குறைந்தது.

விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம் என்பது முரண்பாடாகத் தோன்றலாம். முன்பு கடலுக்குப் போன மீன் இப்போது சாப்பாட்டுத் தட்டுக்குப் போனது. அந்த மிச்சத்தைத்தான் இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

நடைமுறையில் இது எப்படி நடந்தது? வலையை இழுத்து முடித்ததும், படகு கடலில் இருக்கும்போதே போன் பேசத் தொடங்கிவிடுவார்கள். பல கரைகளின் வியாபாரிகளுடைய எண்களை எழுதிய பட்டியல் கையில் இருக்கும். சிலரிடம் அது நூறைத் தாண்டியும் நீளும். நாலைந்து பேரிடம் விலை கேட்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லி ஏற்றி, எது கட்டுப்படியாகிறதோ அந்தக் கரைக்குப் படகைத் திருப்புவார்கள். கரையில் நடந்த ஏலம் கடலுக்கு நகர்ந்துவிட்டது. அரசு மானியமோ தொண்டு நிறுவனத்தின் திட்டமோ இதில் இல்லை. தங்களுக்கு ஆதாயம் இருக்கிறது என்று கண்டு மீனவர்களே காசு போட்டு வாங்கிய போன்கள் அவை. விலை சமன்பட்டதில் போன் வாங்காதவர்களுக்கும் ஓரளவு நன்மை கிடைத்தது.

படகுப் பட்டறைகளில் நடந்தது

மாற்றம் மீனோடு நிற்கவில்லை. ஜென்சனும் நோலன் மில்லரும் அதே பகுதியின் படகு கட்டும் தொழிலை ஆராய்ந்து, 2018இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் எழுதினார்கள்.

முன்பு மீனவர் தம் ஊர்ப் பட்டறையில்தான் படகு செய்துகொள்வார். அடுத்த ஊர் ஆசாரி கட்டும் படகு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. சுமாரான பட்டறைக்கும் ஊர்க்காரர்களின் வேலை தொடர்ந்து வந்தது. நல்ல பட்டறைக்கும் அதே அளவு வேலைதான். மீன் விற்க வேற்றுக் கரைகளுக்குப் போகத் தொடங்கியதும், அங்கே நிற்கும் படகுகள் கண்ணில் பட்டன. யார் கட்டியது, எத்தனை வருடம் ஆயிற்று என்ற பேச்சும் வந்தது. நீடித்து உழைக்கும் படகு கட்டியவர்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அந்தப் பட்டறைகள் வளர்ந்தன, மட்டமானவை மூடப்பட்டன. வளர்ந்த பட்டறைகளில் ஒருவரே எல்லாம் செய்வது போய், ஆளுக்கொரு வேலை என்று பிரிந்தது; கட்டும் செலவும் இறங்கியது.

வளரும் நாடுகளில் சிறு நிறுவனங்கள் ஏன் சிறியதாகவே இருக்கின்றன என்ற கேள்விக்குக் கடன் கிடைக்கவில்லை, நிர்வாகத் திறமை இல்லை என்று பல பதில்கள் உண்டு. நல்ல வேலை செய்பவரின் பெயர் ஊர் எல்லையைத் தாண்டாததும் ஒரு காரணம் என்று இந்த ஆய்வு காட்டியது. மூடிய பட்டறைகளில் உழைத்தவர்களின் பக்கமும் இந்தக் கணக்கில் உண்டு. சராசரிகள் அவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

எல்லாக் கரைக்கும் பொருந்துமா?

பின்னாளில் கேரளக் கரைகளில் களப்பணி செய்த ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரலும் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார்கள். ஒரு படகு கரை விட்டுக் கரை போய் விற்க வேண்டுமானால் பல விஷயங்கள் கூடிவர வேண்டும். மொத்தமாக மீன் பிடிக்கும் பெரிய படகு வேண்டும். போகும் தூரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சந்தைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பனையில் யாருக்கும் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் கொடுத்த தரகர் வழியாகத்தான் மீனை விற்க வேண்டும் என்பது பல கரைகளில் எழுதப்படாத ஒப்பந்தம். அப்படிப்பட்டவருக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி என்ன விலை என்று தெரிந்தால் மனம் வேதனைப்படும், பை நிறையாது. அதற்காகத் தரகரை வெறும் வில்லனாக்கவும் முடியாது. மீன் இல்லாத மாதங்களிலும், வீட்டில் கல்யாணம், வைத்தியம் என்று வரும்போதும் கேட்ட உடனே பணம் கொடுப்பவர் அநேகமாக அவர்தான். அந்த உறவை ஒரு நாள் விலைக்காக யாரும் லேசில் அறுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு கோணத்தை முன்வைத்தவர் டி.டி. ஸ்ரீகுமார். போன் மீனவர்களுக்குள் போட்டியை வளர்த்தது என்பது பாதிக் கதை. ஒருவருக்கொருவர் உதவுவதையும் அது எளிதாக்கியது என்றார் அவர். மீன்கூட்டம் தென்பட்ட இடத்தைச் சொல்வதற்கும், இன்ஜின் பழுதானால் பக்கத்துப் படகைக் கூப்பிடுவதற்கும் அதே போன்தான். விலையை மட்டும் அளந்தால் இதெல்லாம் கணக்கில் வராது.

கம்பு, சோயா, எஸ்.எம்.எஸ்.

வேறு இடங்களின் முடிவுகளையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 2001 முதல் 2006 வரை செல்போன் சேவை படிப்படியாகப் பரவியது. சந்தைக்குச் சந்தை தானிய விலையில் இருந்த வித்தியாசம் 10 முதல் 16 சதவீதம் குறைந்தது என்று ஜென்னி ஏக்கர் கண்டறிந்தார். போக்குவரத்துச் செலவு அதிகமான தொலைதூரச் சந்தைகளில்தான் பலன் கூடுதல். ஆனால் அங்கே போனில் விலை விசாரித்துக் கம்பு மூட்டைகளைச் சந்தை விட்டுச் சந்தை கொண்டுபோனவர்கள் வியாபாரிகள். லாரி அவர்களிடம் இருந்தது.

மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் நடந்த சோதனையில் விவசாயிகளுக்குப் பயிர் விலையும் வானிலையும் எஸ்.எம்.எஸ். மூலம் அனுப்பப்பட்டன. மார்செல் ஃபஃப்ஷாம், பார்ட் மின்டன் ஆகியோரின் இந்த ஆய்வு 2012இல் வெளியானது. விற்கும் இடத்தைச் சிலர் மாற்றிக்கொண்டதற்கு அடையாளம் இருந்தாலும், விவசாயியின் கைக்கு வந்த விலையில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் கதை வேறு. 2000ஆம் ஆண்டு முதல் ஐ.டி.சி. நிறுவனம் கிராமங்களில் இணையக் கூடங்களை அமைத்து சோயா விலையை அறிவித்தது. மண்டிகளில் சோயா விலை 1 முதல் 3 சதவீதம் உயர்ந்தது என்று அபராஜிதா கோயல் 2010இல் எழுதினார். கவனிக்க வேண்டியது, ஐ.டி.சி. விலையைச் சொன்னதோடு நிற்காமல், நேரடியாகக் கொள்முதலும் செய்தது. மண்டிக்கு வெளியே இன்னொரு வாடிக்கையாளர் வந்து நின்றதும், மண்டி வியாபாரி விலையைக் கூட்ட வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவு. வட கேரள மீனவரின் சரக்கு ஏற்கெனவே படகில் இருக்கிறது; திசையை மாற்றினால் போதும். விவசாயியின் சரக்கு வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அதற்கு வண்டி வேண்டும், சுமைகூலி வேண்டும், தெரியாத ஊர் மண்டியில் தராசை நம்ப வேண்டும். அதே தகவல் இருவருக்கும் ஒரே பலனைத் தராது.

கடன் யாரிடம்?

கடன் கட்டை உடைக்கப் போன் வருவதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. திருவனந்தபுரம் கரையோரம் மரியநாடு கிராமத்தில் தொடங்கிய மீனவர் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980இல் உருவானது. கன்னியாகுமரி மாவட்டக் கரைகளிலும் அதன் சங்கங்கள் உண்டு. முதல் விற்பனை சங்கத்தின் கையில் இருக்கும். சங்கமே ஏலம் விடும். விற்ற பணத்தில் ஒரு பகுதி கடனுக்கும் ஒரு பகுதி சேமிப்புக்கும் அன்றன்றே பிடித்துக்கொள்ளப்படும். மீன் அதிகம் கிடைத்த நாளில் அதிகம் கட்டலாம், கிடைக்காத நாளில் கட்ட வேண்டாம். இங்கேயும் உறுப்பினர் சங்கம் வழியாகத்தான் விற்க வேண்டும். ஆனால் ஏலத்தில் விலை கேட்கும் வியாபாரியிடம் அவர் கடன்படவில்லை. அந்த ஒரு வித்தியாசம் பேரத்தையே மாற்றிவிடுகிறது.

2016 ஏப்ரல் 14இல் தொடங்கிய தேசிய வேளாண் சந்தையான இ-நாம் முதல் புதிய செயலிகள் வரை, விலையைத் திரையில் காட்டும் திட்டங்களுக்கு இன்று குறைவில்லை. அடுத்த செயலி வெளியாகும்போது அமைச்சரிடமோ நிறுவனத்திடமோ கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதைப் பார்ப்பவர் வேறு இடத்துக்குச் சரக்கைக் கொண்டுபோக முடியுமா? போனால் அங்கே வாங்க ஆள் உண்டா? இப்போது விற்கும் இடத்தில் அவருக்குக் கடன் பாக்கி இருக்கிறதா? முதல் இரண்டுக்கு 'ஆம்' என்றும் மூன்றாவதுக்கு 'இல்லை' என்றும் பதில் வராதவரை, செயலிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது சங்கக் கடனுக்கும் சாலைக்கும் ஐஸ் கிடங்குக்கும் திருப்பிவிடுவது நல்லது.