சாயத்தண்ணியில் உள்ள நல்லது

விடியப்புறம் வெறும் வயிற்றுக்கு ஒரு பிளேன்ரீ, வேலைக்குப் போகமுன் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டோடு ஒன்று, பின்னேரம் இன்னொன்று. நான் போய்வரும் கிராமங்களில் பெரும்பாலான பெண்களின் நாள் இப்படித்தான் நகர்கிறது. கறிக்கு ஒன்றும் இல்லாத நாளிலும் தேயிலையும் சீனியும் எப்படியோ இருக்கும். “சாயத்தண்ணி உடம்புக்கு நல்லதாமே பிள்ளை, உண்மையோ?” என்று சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் எப்படி ஊற்றுகிறோம், எப்போது குடிக்கிறோம் என்பதில்தான் அது தங்கியிருக்கிறது.

தேயிலைக் கொழுந்தில் பொலிபீனோல் எனப்படும் பொருட்கள் உள்ளன. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைக்கும்போது அவை மாற்றமடைந்து சாயத்துக்குச் சிவந்த நிறத்தையும் துவர்ப்பையும் கொடுக்கின்றன. உடற்கலங்களைச் சேதப்படுத்தும் சில பொருட்களை அடக்கும் தன்மை இவற்றுக்கு உண்டு. அதனால்தான் இவற்றை அன்ரிஒக்சிடன்ற் என்கிறார்கள்.

இவை நீரில் இறங்குவதற்குச் சூடு வேண்டும். தண்ணீர் நன்றாகக் கொதித்தவுடன் தேயிலையில் ஊற்றி, மூடி, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டால் பெரும்பகுதி இறங்கிவிடும். ஆறிய நீரில் போட்டாலோ, வடியில் தேயிலையைப் போட்டு மேலால் ஊற்றி உடனே எடுத்தாலோ நிறம் வரும், சத்து முழுதாக வராது. எங்கள் கடைகளில் வாங்கும் தூள் தேயிலை பெரிய இலைத் தேயிலையை விட வேகமாகச் சாயம் விடும். மறுபுறம், கேத்திலுக்குள்ளேயே தேயிலையைப் போட்டு அடுப்போரம் வைத்து, நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக் குடிக்கும் வழக்கமும் உண்டு. விறகு மிச்சம் என்பது விளங்குகிறது. ஆனால் நீண்ட நேரச் சூட்டில் அந்த நல்ல பொருட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும், மிஞ்சுவது கசப்பு. கசப்பை மறைக்க இன்னொரு கரண்டி சீனி!

பால் விட்டால் என்ன? 2007இல் பேர்லினில் 16 பெண்களிடம் செய்த ஆய்வில், வெறும் சாயம் இரத்தக் குழாய்களைத் தளர்த்தியது. பால் சேர்த்தபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை. வேறு சில ஆய்வுகளில் பால் இடையூறாக இருக்கவில்லை. ஆகவே பால் வாங்க வசதியுள்ளவர்கள் அதை விட்டுவிடத் தேவையில்லை என்பதே என் எண்ணம். பாலில் வேறு சத்து இருக்கிறது.

நான் உண்மையில் பேச விரும்புவது இரும்புச் சத்தைப் பற்றி. அன்ரிஒக்சிடன்ற் என்று நாம் புகழும் அதே பொருட்கள்தான் கீரை, பருப்பு, சோறு ஆகியவற்றிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கின்றன. தென்னாபிரிக்காவில் செய்யப்பட்டு 1975இல் வெளிவந்த ஆய்வொன்று சோற்று உணவை வைத்தே இதைக் காட்டியது. சாயம் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குத் தடையும் கூடும். சமைத்த மீன், இறைச்சியிலுள்ள இரும்பை இது அவ்வளவு பாதிப்பதில்லை. ஆனால் எங்களில் எத்தனை பேரின் சட்டியில் தினமும் மீன் கொதிக்கிறது?

களைப்பு, தலைச்சுற்று, படியேறினால் மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் ‘யோசனையால் வந்தது’ என்று பெண்கள் சொல்லிவிடுகிறார்கள். இழந்தவை அவ்வளவு, யோசனை இல்லாமலா இருக்கும்? இருந்தும் இரத்தச் சோகையும் இதே மாதிரித்தான் காட்டும். ஒருமுறை இரத்தம் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைச் சாயத்தோடு விழுங்கவே கூடாது; தண்ணீரோடு விழுங்குங்கள். பசியை அடக்க ஒரு கோப்பை சாயத்தைக் குடித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் சோறு போடும் தாய்மாருக்கு, எவ்வளவு நன்றாக ஊற்றினாலும் அது சாப்பாடாகாது.

எங்கள் சங்கத்தில் ஐந்து மாதக் கர்ப்பிணித் தங்கச்சி ஒருவர் காலைச் சாயத்தோடுதான் குளிசை போட்டு வந்தார். இப்போது குளிசையை இரவு படுக்கப்போகும் நேரத்துக்கு மாற்றிவிட்டார். காலைச் சாயத்தை மட்டும் விடமாட்டாராம்.