தடைப்பட்ட வாகனமோட்டும் உரிமத்தை மீண்டும் பெறுவது எப்படி?

விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், நோயுற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் தோட்டப்புற மக்களுக்கு மோட்டார் சைக்கிளே பெருந்துணையாக விளங்குகிறது. அதனை ஓட்டும் உரிமம் தடைப்படுமாயின் குடும்பத்தின் வருவாயே பாதிக்கப்படும். அத்தகைய தடைகள் மூவகைப்படும். எவ்வகைத் தடை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறாகும்.

முதலாவது, கரும்பட்டியல். சம்மன் தொகையைச் செலுத்தாதவரின் பெயர் இப்பட்டியலில் சேர்க்கப்படின், அவர் உரிமத்தைப் புதுப்பிக்க இயலாது. தொகையைச் செலுத்திப் பெயரை நீக்கிய பின் புதுப்பித்துக் கொள்ளலாம். இதில் காலந்தாழ்த்தலாகாது. காலாவதியாகி 3 ஆண்டுகள் கடந்துவிட்டால் மீண்டும் தேர்வு எழுத நேரிடும்.

இரண்டாவது, இடைநிறுத்தம். சாலைக் குற்றங்களுக்குப் புள்ளிகள் பதிவு செய்யும் கெஜாரா முறை 1997-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 2017 ஏப்ரலில் நடப்புக்கு வந்த ஏற்பாட்டின்படி 20 புள்ளிகளுக்கு முதல் எச்சரிக்கையும், 40-க்கு இரண்டாவது எச்சரிக்கையும், 60-க்கு 6 மாதம் வரையிலான இடைநிறுத்தமும் வகுக்கப்பட்டன. சிவப்பு விளக்கை மீறினால் 4 புள்ளிகள். 5 ஆண்டுகளுக்குள் மும்முறை இடைநிறுத்தப்பட்டவரின் உரிமம் இரத்தாகும். அதன்பின் பயிற்சியையும் தேர்வையும் முதலிலிருந்தே மேற்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கைக் கடிதம் பதிவிலுள்ள முகவரிக்கே வரும். லயத்து வீட்டை விட்டு வேறு தோட்டத்திற்குக் குடிபெயர்ந்தவர், புதிய முகவரியைத் தெரிவிக்காவிடில், தம் உரிமம் நிறுத்தப்பட்டதை அறியாமலேயே வாகனம் ஓட்டக்கூடும். ஆகவே முகவரி மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் உடனே தெரிவிக்குமாறு கேட்டுக் கொள்கிறோம்.

மூன்றாவது, நீதிமன்றம் விதிக்கும் தடை. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மதுவின் அளவு 50 மில்லிகிராமுக்கு மேற்படின் குற்றமாகும். கள்ளாயினும் பீராயினும் சட்டம் ஒன்றே. முதற் குற்றத்திற்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும், 2 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 2 ஆண்டுக்கு ஓட்டத் தடையும் விதிக்கப்படலாம். தீர்ப்பை ஏற்காதவர் 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். இத்தடையை இலாகா முகப்பில் பேசி நீக்கிக்கொள்ள முடியாது.

தடைக்காலத்தில் "தோட்டத்துச் சாலைதானே" என்றெண்ணி வாகனம் ஓட்டுவது பெருந்தவறு. பொதுமக்கள் வந்துபோகும் சாலைகளும் சட்டத்துக்கு உட்பட்டவையே. தடைசெய்யப்பட்டவர் விபத்துக்கு உள்ளானால், காப்புறுதி நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை அவரிடமிருந்தே திரும்பக் கோரலாம். சில மாதப் பொறுமையின்மை வாழ்நாள் கடனாக முடியலாம்.

புள்ளிகளை அழித்துத் தருவதாகவும், தேர்வின்றி உரிமம் வாங்கித் தருவதாகவும் கூறும் இடைத்தரகர்களிடம் பணத்தைப் பறிகொடுக்க வேண்டாம். அடையாள அட்டையுடன் அருகிலுள்ள சாலைப் போக்குவரத்து இலாகா அலுவலகத்துக்கு நேரில் சென்று உங்கள் நிலையைக் கேட்டறியுங்கள். கைத்தொலைபேசி உள்ளவர்கள் மைஜேபிஜே செயலியிலும் தங்கள் உரிம விவரத்தைக் காணலாம். வாசிக்க இயலாத பெரியோருக்குப் படித்த பிள்ளைகள் இதில் உதவிட வேண்டுமெனக் கேட்டுக் கொள்கிறோம்.