முட்டை முந்தியது, நூல் பிந்தியது

நாமக்கல் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு முட்டை விலை தெரியாமல் பொழுது விடிவதில்லை எனலாம். 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றிய பின், பண்ணை விலையை அதுவே அறிவித்து வருகிறது. அன்று தொலைபேசியில் கேட்டறிந்த விலையை இன்று பண்ணையாளர் கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிறார். லாரி உரிமையாளரோ திண்ணையில் அமர்ந்தபடியே தம் வண்டி எந்த மாநிலத்தில் ஓடுகிறது என்பதை அறிகிறார். இத்தனை விரைவும் நம் தமிழ் நூல்களுக்கு ஏன் வாய்க்கவில்லை?

சென்ற ஆண்டு தமிழில் எழுதப்பட்ட கணக்கியல் நூல் ஒன்றைத் தேடிச் சேலம் வரை அலைந்தேன். எந்தக் கடையிலும் இல்லை. பதிப்பகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். “பிரதி தீர்ந்துபோச்சு தம்பி. கோப்பு கணினியில இருக்கு. ஆனா திறந்தா எல்லாம் ஆங்கில எழுத்தும் புள்ளியுமா வருது” என்றார் ஒரு பெரியவர்.

அவர் கூறியது பொய்யன்று. 1990-களில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும் ‘க’ இங்கே, ‘கா’ அங்கே என்று தத்தம் விருப்பப்படி ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழை அமர்த்தினர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு வெறும் குப்பையாகத் தெரியும். ஒருங்குறியில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. எனினும் பக்கம் அமைப்போர் கையில் இருந்த பேஜ்மேக்கர் அதை ஏற்கவில்லை. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல்தான். பழைய கோப்பை மாற்ற மென்பொருள் உண்டு. ஆயினும், மாற்றியபின் முதல் பக்கத்திலிருந்து மீண்டும் மெய்ப்புப் பார்க்க வேண்டும். அந்தக் கூலியை யார் கொடுப்பது?

ஆயினும் பழி முழுவதையும் எழுத்துருவின் மேல் போடுவதற்கில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றிச் சங்க நூல்களைத் தட்டச்சு செய்து வலையேற்றினர். ஈழத்தமிழர் நூல்களுக்காக 2005-இல் நூலகம் திட்டம் எழுந்தது. தொண்டர்களால் முடிந்தது, தொழிலால் ஏன் முடியவில்லை?

வணிகவியல் மாணவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும் காரணம் இது: முட்டை கெட்டுப்போகும், நூல் கெடாது. முட்டையை விற்க ஒரு வாரம் தாமதித்தால் நட்டம் மூக்கைத் துளைக்கும். விற்காத நூலோ கிடங்கில் பத்தாண்டு கிடந்தாலும் நாறுவதில்லை. நட்டம் கண்ணில் படாத தொழிலுக்குப் புதுமை எதற்கு?

மேலும், நம் பதிப்பாளர்களுள் பலர் வாசகனை நம்பி அச்சிட்டதைவிட நூலக ஆணையை நம்பி அச்சிட்டதே மிகுதி. 1948-இல், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அது பெருமைக்குரியதே. ஆனால், நூலகத்துறை நெடுங்காலம் விலை கொடுத்தது பாரக் கணக்கில், அதாவது 16 பக்கம் ஒரு பாரம் என்று. மின்னூலுக்கு ஏது பாரம்? தாளுக்குப் பணம் வரும்போது பதிப்பாளர் தாளையே நம்புவார்.

வரியும் தன் பங்கைச் செய்தது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அச்சு நூலுக்கு வரி கிடையாது, மின்னூலுக்கு 18 விழுக்காடு. அச்சிலும் வெளிவந்த நூலின் மின்வடிவுக்கு மட்டும் 2018-இல் 5 விழுக்காடாகக் குறைத்தனர். கிண்டிலில் தமிழ் நூல்கள் முறைப்படி விற்பனைக்கு வந்ததே 2016 இறுதியில்தான். அதற்குள் திருட்டு பி.டி.எஃப். ஊரெங்கும் பரவிவிட்டது. அவற்றை இறக்கிப் படித்தவர்களுள் அடியேனும் ஒருவன்.

நான் தேடிய கணக்கியல் நூல் கடைசியில் ஒரு மூத்த மாணவரிடம் இருந்தது. பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் முழுவதையும் நகலெடுத்தேன். என்னைப் பார்த்து வகுப்பில் மேலும் பதினொருவர் எடுத்தனர். நகல் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். எழுதிய பேராசிரியருக்கும், தொலைபேசியில் வருத்தப்பட்ட அந்தப் பெரியவருக்கும் ஒரு காசும் போகவில்லை.