கும்மிருட்டும் கொஞ்சம் தலைவலியும்

ஒரு விண்வெளிக் கதை எப்படித் தொடங்கும்? ராக்கெட், வேற்றுக்கிரகம், லேசர் துப்பாக்கி... இப்படித்தானே நினைக்கிறீங்க?

1984ல வந்த ஒரு கணினி விளையாட்டு, தலைவலியோட தொடங்குதுங்க! பேரு 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி'. டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் சேர்ந்து உருவாக்கினது. படமே கிடையாது, திரையில வெறும் எழுத்துதான். அடுத்து என்ன செய்யணும்னு நீங்க தட்டச்சு செய்யணும். கதை அதுக்கேத்த மாதிரி நகரும்.

முதல் காட்சியில நீங்க தூங்கி எழுந்திரிக்கிறீங்க. கும்மிருட்டு. முதல்ல விளக்கைப் போடணும்னு உங்களுக்கே தோணணும். போட்டா, தலைவலியில தலை சுத்துது. எடுக்கப் போற பொருள் கைக்கு அகப்பட மாட்டேங்குது. அங்கே கிடக்கிற அங்கியோட பையில ஒரு வலி மாத்திரை இருக்கு. அதைத் தேடி எடுத்து விழுங்கணும். சரி, மெதுவாப் பாத்துக்கலாம்னு இருந்தீங்கன்னா போச்சு! வெளியில ஒரு புல்டோசர் உங்க வீட்டை இடிக்க வந்துக்கிட்டு இருக்கு. தாமதிச்சா வீடும் காலி, நீங்களும் காலி. இத்தனைக்கும் இன்னும் ஒரு விண்கலம்கூட வரல!

விண்வெளியைக் காட்டி மயக்காம, விளக்கு சுவிட்சைத் தேட வெச்சே ஆளை உள்ளே இழுத்தாங்க பாருங்க, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

இன்னொரு விஷயம். இந்தக் கதை முதல்ல பிறந்தது கணினியிலயும் இல்ல, புத்தகத்திலயும் இல்ல. 1978ல, பிபிசி வானொலியில ஒரு நகைச்சுவை நாடகமா ஒலிபரப்பாச்சு. ஆமாங்க, நம்ம வானொலிதான்!