அமெரிக்க நாட்டு நேரடித் தொலைக்காட்சி நாடகம்

நாடக மேடையில் நேரும் பிழையை அன்று கூடிய அவையோர் மட்டுமே காண்பர். திரைப்படத்தில் நேரும் பிழையை எவரும் காணார். அது வெட்டி எறியப்படும். இவ்விரண்டிற்கும் இடையே, நேர்ந்த பிழையைப் பல்லாயிரம் இல்லத்தார் அக்கணமே கண்டுவிடும்படி அமைந்த நாடக வகை ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1947 முதல் ஏறத்தாழப் பன்னீராண்டுக் காலம் ஓங்கி வளர்ந்தது. நடிகர் நடிக்கும்போதே வானலை வழியே வீடுதோறும் சென்ற அந்நேரடித் தொலைக்காட்சி நாடகத்தின் இயல்பையும், அது மறைந்த காரணத்தையும் ஈண்டு ஆராயப் புகுவோம்.

இதன் தொடக்கம் மிக எளியது. 1928ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11ஆம் நாள், நியூயார்க் மாநிலத்து ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் 'அரசியின் தூதன்' என்னும் சிறு நாடகத்தை ஒலியும் ஒளியுமாக அனுப்பினர். அந்நாளைய கருவி ஒரு முகத்தையோ கைகளையோ மட்டுமே ஒரு நேரத்தில் பற்ற வல்லது. ஆகவே முகங்காட்ட இருவரும், கைகாட்ட வேறிருவருமாக நால்வர் கூடி இரண்டு பாத்திரங்களை நடித்தனர்! படம் விழுந்த பரப்பு மூன்றங்குலச் சதுரமே. இதனை நகைப்புக்குரிய செய்தியாகக் கொள்வாரும் உளர். நமக்கோ, இக்கலை பின்னர்ச் செல்லவிருந்த திசையை அக்குறையே சுட்டி நின்றதாகத் தோன்றுகிறது.

உலகப் போர் முடிந்தபின், 1947ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், கிராஃப்ட் என்னும் பாற்கட்டி நிறுவனத்தின் பெயரால் வாரந்தோறும் ஒரு நாடகம் நியூயார்க்கிலிருந்து ஒளிபரப்பாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே 'ஸ்டூடியோ ஒன்', 'ஃபில்கோ தொலைக்காட்சி அரங்கு' முதலியன தோன்றின. நடிகர் பல நாள் வெற்றறையில் பயில்வர். தரையில் இட்ட கோடுகளே அவர்க்குச் சுவரும் வாயிலுமாம். காமிராவோடு கூடிய ஒத்திகை இறுதியில் ஓரிரு நாளே. நாடக நாளிலோ, ஒரே கூடத்தில் வீடும் தெருவும் அலுவலகமும் அருகருகே அமைந்திருக்கும். உருளைகளின்மேல் நகரும் காமிராக்கள் பருத்த கம்பிவடங்களைப் பின்னே இழுத்துச் செல்லும். அவ்வடங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளலாகாது. தலைக்குமேல் நீண்ட கோலில் தொங்கும் ஒலிவாங்கியின் நிழல் நடிகர் முகத்தில் விழலாகாது. தனியறையில் அமர்ந்த இயக்குநர், காமிராக்கள் காட்டும் படங்களைத் தம்முன் வரிசையாகக் கண்டு, 'இது செல்க, அடுத்து அது செல்க' என்று கணந்தோறும் கட்டளையிடுவார்.

ஒரு காட்சியை முடித்த நடிகர் மற்றொரு காட்சிக்கு ஓட வேண்டுமாயின், அவர் ஓடி முடியும்வரை காமிரா வேறொருவர் முகத்தையோ, மேசைமேற் கிடக்கும் கடிதத்தையோ நோக்கி நிற்கும். நாடகாசிரியர் இவ்வோட்டத்தையும் கணக்கிட்டே எழுத வேண்டும். இடையிடையே பாற்கட்டி விளம்பரம் வரும். அதுவும் நேரடியாக நிகழ்ந்ததே. அவ்விரண்டொரு நிமிடம் நடிகர் ஆடை மாற்ற உதவிற்று. சொல் மறந்தவர்க்கு எதிர் நிற்பவரே துணை. அவர் தாமே ஒரு சொல் புனைந்து காத்தாலன்றி வேறு வழியில்லை. கடிகாரமோ எவர்க்காகவும் நில்லாது.

இத்தகைய நெருக்கடியில் போர்க்களமும் கடற்பயணமும் காட்டல் அரிது. காட்டக்கூடியவை சிறிய அறையும், அதனுள் இருக்கும் மனிதரும், அவர்தம் முகமுமே. நம் தொல்காப்பியனார் மெய்ப்பாடு என்று ஓர் இயலே வகுத்தார். உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் புலப்படும் அதுவே இந்நாடகங்களின் உயிராயிற்று. 1953ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் ஒளிபரப்பான பேடி சயெஃப்ஸ்கியின் 'மார்ட்டி', அழகற்ற ஒரு கசாப்புக் கடைக்காரன் தனிமையில் வாடி, தன்னைப் போன்றே பிறரால் ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணைச் சந்திக்கும் கதை. அவ்வளவே! ராட் ஸ்டைகர் அவனாக நடித்தார். 1955இல் வேறு நடிகரைக் கொண்டு அதுவே திரைப்படமாகிச் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றது. ரெஜினால்ட் ரோஸ் என்பார் தாம் நீதிமன்ற நடுவர் குழுவில் அமர்ந்த பட்டறிவிலிருந்து எழுதிய 'பன்னிரு சினந்த மனிதர்' 1954 செப்டம்பர் 20ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. அதற்கு வேண்டியவை ஓர் அறையும் பன்னிரண்டு முகங்களுமே.

நாடகம் நன்றாயிருந்ததெனின் மறுபடி காண்பது எங்ஙனம்? மறுபடி நடிப்பதே வழி. ராட் செர்லிங் எழுதிய 'பேட்டர்ன்ஸ்' 1955 சனவரி 12ஆம் நாள் பெரும் புகழ் பெறவே, பிப்ரவரி 9ஆம் நாள் மீண்டும் முதலிலிருந்து நேரடியாக நடிக்கப்பட்டது.

பொருளுதவிய நிறுவனத்தார் ஆடை மாற்றும் நேரத்தை மட்டும் தந்தாரல்லர்; சில சொற்களைப் பறித்தும் கொண்டனர். கறுப்பினக் குடும்பம் ஒன்று வெள்ளையர் தெருவில் குடியேறுவதையும், அண்டை அயலார் அதனை விரட்டத் திரள்வதையும் ரோஸ் எழுத எண்ணினார். தென் மாநிலத்தார் சினப்பர் என்று அஞ்சியவர்கள் அதற்கு இசையவில்லை. ஆகவே, 1954இல் வெளிவந்த 'சிகமோர் தெருவில் இடி'யில் குடியேறியவன் சிறைமீண்டவன் ஆனான். ரோஸோ, அயலார் வெறுப்பின் காரணத்தை நெடுநேரம் கூறாது மறைத்து, காண்போர் தாமே அறிந்துகொள்ள விட்டார். கொடிதினும் கொடிது 1959இல் நேர்ந்தது. 'நூரம்பர்க்கில் தீர்ப்பு' என்னும் நாடகத்தில், யூதர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டதைக் கூறும் இடத்தே 'வாயு' என்னும் சொல்லின் ஒலி அறுக்கப்பட்டது. காரணம், அதற்குப் பொருளுதவியோருள் எரிவாயு நிறுவனங்களின் சங்கமும் இருந்தது. நடிகரின் வாய் அசைந்தது, சொல் கேட்கவில்லை. இலட்சக்கணக்கான மாந்தர் மாண்ட செய்தியினும் அடுப்பின் நற்பெயர் பெரிதாயிற்றுப் போலும்!

1956இல் ஒளிநாடா வந்தமையால் இக்கலை மாய்ந்தது என்பர் சிலர். அஃது ஒரு பாதியே. பிலிமில் எடுத்த தொடர்களை மீண்டும் மீண்டும் காட்டிப் பொருளீட்டலாம். தயாரிப்பும் ஹாலிவுட்டிற்குப் பெயர்ந்தது. 1950இல் நூற்றுக்கு ஏறக்குறைய 9 வீடுகளில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டி 1960இல் 87 வீடுகளை எட்டியது. கூட்டம் பெருகப் பெருக, எவரையும் வருத்தாத கதையையே விளம்பரம் விரும்பிற்று. ஒரு சவுக்காரக் கட்டியால் இல்லம் இன்பமயமாகும் என்று கூற வந்தவர்க்கு, மார்ட்டியின் தனிமை எங்ஙனம் உவப்பாகும்?

அந்நாடகங்களுட் பல காற்றோடு போயின. எஞ்சியவை, ஒளித்திரைக்கு எதிரே பிலிம் காமிராவை நிறுத்தி எடுத்த மங்கலான படிகளே. 'பன்னிரு சினந்த மனிதர்' கூட நெடுங்காலம் முற்பாதியளவில்தான் கிடைத்திருந்தது. முழுப்படி 2003இல் கண்டெடுக்கப்பட்டது.